ஒரே ரேக்குக்குள் 10 கிகாபிட்: டிஏசியா, ஆர்ஜே45-ஆ?

நம் சர்வரை வைக்க வாடகைக்கு இடம் தரும் கோலொகேஷன் மையத்தில் ஒரு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) எடுத்தாயிற்று. நாலு சர்வரை சுவிட்சோடு நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இணைக்க வேண்டும். எந்தக் கேபிள்?

டிஏசி, இரு முனையிலும் எஸ்எஃப்பி பிளஸ் தலை (சுவிட்சின் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டில் நேராகச் சொருகும் முனை) பொருத்தியே வரும் செம்புக் கேபிள். சொருகினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், விளக்கு எரியும், அவ்வளவுதான். மின்சாரம் எடுப்பதே தெரியாது. ஆர்ஜே45 என்பது வழக்கமான நெட்வொர்க் கேபிளின் பிளக். அதே சுவிட்சின் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டில், அந்தக் கேபிளை ஏற்கும் ஆர்ஜே45 மாட்யூல் போட்டால் போர்ட்டுக்கு 2 வாட்டுக்கு மேல் இழுக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் விரல் சுடும். மின்சாரத்துக்கும் சேர்த்துக் காசு கட்டும் இடத்தில் இது மாதாமாதம் கையைக் கடிக்கும். தரவு போய்ச் சேரும் தாமதமும் ஆர்ஜே45-இல்தான் அதிகம்.

தூரம் என்று வந்தால் கதை வேறு. சாதாரண டிஏசி 7 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆர்ஜே45 பிளக் போட்ட கேட் 6ஏ ரக நெட்வொர்க் கேபிள், இரு பக்கமும் உள்ளமைந்த ஆர்ஜே45 போர்ட் இருந்தால், 100 மீட்டர் போகும். சர்வரில் அந்தப் போர்ட் ஏற்கெனவே இருந்தால் நெட்வொர்க் கார்டு செலவும் மிச்சம்.

ஒரே ரேக் என்றால் நான் டிஏசிதான் வாங்குவேன். ஆனால் சில சுவிட்சுகள் வேறு நிறுவனக் கேபிளை ஏற்காது. மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 1 மீட்டர் போதும் என்றால் 3 மீட்டர் எடுக்காதீர்கள். தடித்த கேபிள், மிச்சச் சுருள் பின்பக்கக் காற்றை அடைத்துவிடும்.