இறுகிய போல்ட்: எண்ணெயா, அடியா, தீயா, வெட்டா?

பழைய வண்டியை உடைத்துப் பாகம் எடுக்கையில் துருவேறி இறுகிய போல்ட் வந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: போல்ட் வேண்டுமா, அது ஏறியிருக்கும் பாகம் வேண்டுமா? பெரும்பாலும் பாகம்தான். போல்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். மரை போன அலுமினிய சிலிண்டர் ஹெட் பாதி விலைக்குக்கூடப் போகாது.

வண்டி எங்கே ஓடியது என்பதையும் பாருங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வெயிலில் நின்ற வண்டியில் துரு பெரும்பாலும் மேலோடு நிற்கும். ராமேஸ்வரம், தூத்துக்குடி உப்புக்காற்றில் கிடந்துவிட்டு மதுரைக்கு உடைக்க வருகிற வண்டியில் அது மரைக்குள் இறங்கியிருக்கும். அதில் எண்ணெயை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

எண்ணெய்

செலவு குறைவு, பாகத்துக்கு ஆபத்தே இல்லை; பொறுமைதான் வேண்டும். வயர் பிரஷ் போட்டு, வெளியே நீட்டியிருக்கும் மரையைச் சுத்தம் செய்துவிட்டு ஊற்றி, ஓர் இரவு விட வேண்டும். நடுவே தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட உருவானது. இந்த வேலைக்குத் இடுக்கில் ஊடுருவும் தனிப் பெனட்ரேட்டிங் ஆயிலே மேல். அடிமூடிய துளையில் ஏறிய போல்ட்டுக்கு எண்ணெய் அவ்வளவாக உதவாது, தலைக்கு அடியிலேயே நின்றுவிடும்.

அடி

அடித்து அடித்துத் திருப்பும் இயந்திர ஸ்பேனரான இம்பேக்ட் ரெஞ்சின் தொடர் அதிர்வு துருவை உடைக்கும். 12 மி.மீ., அதற்கு மேல் தடிமனான சஸ்பென்ஷன் போல்ட்டுகளுக்கு இதுவே வேகமான வழி. எம்6, எம்8 (6, 8 மி.மீ. தடிமன்) போல்ட்டில் வைத்தால் தலை கையோடு வந்துவிடும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். ஆறு முனை சாக்கெட் போடுங்கள். பைக் சைடு கவரின் ஸ்டார் ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவரே சரி. சாதா ஸ்க்ரூ டிரைவர் பள்ளத்தைத் தின்றுவிடும்.

தீ

நான்கில் எங்கள் முதல் தேர்வு இதுதான். சூடு காட்ட வேண்டியது போல்ட்டுக்கு அல்ல, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் உலோகத்துக்கு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால்தான் இன்ஜின் ஹவுசிங்கில் இரும்பு போல்ட் சட்டென்று இளகுகிறது. அலுமினியத்தில் தண்ணீர் தெளித்தால் சொய்யென்று ஆவியாகும் சூடே போதும். இரும்பு போலச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பாகம் போச்சு: 660 டிகிரியில் அது நிறம் காட்டாமலே உருகிவிடும். இரும்பில் இரும்பு நட்டு என்றால் நட்டை மங்கிய சிவப்பு வரை கொண்டுபோகலாம். சூடு தணிகிறபோது மெழுகுவர்த்தியை மரையின் விளிம்பில் தொட்டால், உருகிய மெழுகு இடுக்குக்குள் தானாக இழுக்கப்படும். அப்போதே முன்னும் பின்னும் அசைத்துத் திருப்புங்கள். மரையில் பசை போட்டு ஏற்றிய போல்ட்டுக்கும் சூடுதான் மருந்து; கடினப் பசை 250 டிகிரி வாக்கில் விட்டுக்கொடுக்கும்.

ஷாக் அப்சார்பர், பெட்ரோல் டேங்க், ஏர்பேக் பக்கம் தீயைக் கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் ஊற்றிய இடமென்றால் துடைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். சிவக்கச் சுட்ட ஹை டென்சில் (அதிக பலமுள்ள) போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள், அதன் பலம் போய்விட்டது.

முறிந்த ஸ்டட்டுக்கு

சைலன்சர் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) சிலிண்டர் ஹெட்டோடு முறிந்தால் பலரும் ஈஸி அவுட்டைத் தேடுகிறார்கள்; முறிந்த ஸ்டட்டில் துளையிட்டு நுழைத்துத் திருப்பும் கடின எஃகுக் கருவி அது. வேண்டாம். அந்தக் கருவியே உள்ளே முறிந்தால் சாதா டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் வசதியுள்ள பட்டறையைத் தேடிப் போக வேண்டும். முறிந்த முனையில் வாஷர் வைத்து வெல்டிங், அதன் மேல் நட்டு வைத்து, ஓட்டை வழியே மறுபடி வெல்டிங். வெல்டிங்கின் சூடே துருவை விடுவிக்கும். ஹெட்டோடு ஒட்டிவிடுமோ என்று பயம் வேண்டாம், அலுமினியத்தில் இரும்பு வெல்டு ஒட்டுவதில்லை. சிவப்பு அடங்கியபின் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஒருமுறை நட்டு பிய்ந்து வந்தால் கவலை வேண்டாம், மறுபடி வைக்கலாம்.

அதுவும் முடியாவிட்டால்தான் டிரில். நடுவில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ.யில் தொடங்கி, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8 மி.மீ. வரை. நடு விலகினால் ஹெலிகாயில் (புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள்) போட வேண்டி வரும்.

வெட்டு

ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போன சஸ்பென்ஷன் போல்ட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பலிக்காது. திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சுழலும், சூடு காட்டினால் ரப்பர் எரியும். பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஹாக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். புஷ் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். புஷ் ஏறியிருக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் முழுசாகக் கிடைக்கும்.

எந்த வழியானாலும் மரையின் திசையை முதலில் பாருங்கள். பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரையாக (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பிக் கழற்றுவது) இருப்பதுண்டு. யமஹா பைக்குகள் பலவற்றின் வலப்பக்கக் கண்ணாடியும் அப்படித்தான்.