லாக் கேபின் பட்டைகள்: கத்தரிப்பதா, கிழிப்பதா, உருட்டி வெட்டுவதா?

நடுவில் ஒரு சிறு சதுரத்தை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றித் துணிப்பட்டைகளை இணைத்துக்கொண்டே போவதுதான் லாக் கேபின். 1860களில் அமெரிக்காவில் பரவலான இந்த ஒட்டுப்போர்வை வடிவத்தில் வளைவோ முக்கோணமோ இல்லாததால், புதிதாகப் பழகுகிறவர்கள் எளிதென்று எண்ணி இதில் இறங்குகிறார்கள். தைத்து முடித்தபின் நடுச்சதுரம் 2 அங்குலம், ஒவ்வொரு பட்டையும் 1 அங்குலம், மொத்தம் மூன்று சுற்று என்று கொண்டால், சதுரம் 8 அங்குலம் வர வேண்டும். இருபுறமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால் பட்டையை 1½ அங்குலத்தில் வெட்டுகிறோம். ஒவ்வொரு பட்டையும் 1/16 அங்குலம் குறைந்தாலே, குறுக்கே ஆறு பட்டைகள் இருப்பதால், சதுரம் 3/8 அங்குலம் சிறுத்துவிடும். எல்லாச் சதுரங்களும் ஒரே அளவில் சிறுத்தால்கூடப் பாதகமில்லை, அவை ஒன்றோடொன்று பொருந்திவிடும். ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் இருந்தால்தான் போர்வை கோணிக்கொள்ளும். ஆகவே முதல் பட்டையையும் நாற்பதாவது பட்டையையும் ஒரே அகலத்தில் தருவது எது என்ற கேள்வியை வைத்துக்கொண்டே மூன்று முறைகளையும் பார்க்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்து வீடுகளில் வளர்ந்த என் போன்றவர்களுக்குக் கைக்கு வருவது கத்தரிக்கோல்தான். ரவிக்கை வெட்டிப் பழகிய கை இதையும் வெட்டிவிடும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். ரவிக்கையில் சிறு பிசகை ஒரு பிடிப்பு மறைத்துவிடும், பட்டையில் அது மறையாது. கத்தரியின் கீழ் அலகு ஒவ்வொரு வெட்டுக்கும் துணியை மேசையிலிருந்து சற்றுத் தூக்குவதால் கோடு நகர்கிறது. சாக்குக் கட்டியால் போட்ட கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. அதன் உட்புறம் வெட்டுகிறோமா வெளிப்புறம் வெட்டுகிறோமா என்பதிலேயே நூலளவு வேறுபாடு வந்துவிடும். இரண்டு மடிப்புக்கு மேல் வைத்தால் அடித்துணி வழுக்கும். ஒட்டுத்துண்டுகளை அட்டை வைத்து ஒவ்வொன்றாக வெட்டுவதற்குக் கத்தரி போதும், ஒரு முழுப் போர்வைக்கு அதை நம்ப மாட்டேன்.

கிழிப்பதைப் பலர் முரட்டு வேலையாக நினைக்கிறார்கள், ஆனால் துணியின் உண்மையான நேரைக் காட்டுவது அதுதான். சாதாரண நெசவுப் பருத்தியில் ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுத்து இழுத்தால், கிழிசல் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போகும். அதற்கு ஈடாக ஓரம் அலையலையாக இழுபட்டு, பிசிறு தள்ளி, அச்சிட்ட துணியாக இருந்தால் விளிம்பில் வெளுத்தும் போகும். எனவே அகலம் சற்றுக் கூட்டியே கிழித்து, இஸ்திரி போட்டு, பிறகு அளந்து சீராக்க வேண்டியிருக்கிறது. அச்சு நூலோடு ஒத்துப்போகாத துணியில் கிழித்தால் பட்டை நேராக இருக்கும், பூவோ கோணலாக நிற்கும். மெழுகிட்டுச் சாயம் தோய்த்த பாத்தேக் துணியில் நெசவு நெருக்கம் என்பதால் கிழிக்கக் கூடுதல் வலு வேண்டும்.

இதற்கு விதிவிலக்கு கட்டம்போட்ட கைலி. மலாய்க்காரர்கள் காயின் பெலிகாட் என்று சொல்லும் இந்தத் துணி தன் பெயரை நம் பழவேற்காட்டிலிருந்து பெற்றது. இதன் கட்டங்கள் அச்சிட்டவையல்ல, சாயம் தோய்த்த நூலாலேயே நெய்யப்பட்டவை. அதனால் கிழிசல் கட்டத்தின் கோட்டிலேயே ஓடுகிறது. அப்பாவின் பழைய கைலியை மடியில் வைத்துக் கிழித்தபோது எனக்கு அளவுகோலே தேவைப்படவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நைந்துபோன பகுதியை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும், அங்கே கிழிசல் தன்னிஷ்டப்படி திரும்பும்.

1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த ரோட்டரி கட்டர் வட்டக் கத்தியை உருட்டி வெட்டுவதால் துணி மேசையை விட்டு எழும்புவதில்லை. 45 மில்லிமீட்டர் கத்தி, 24 அங்குல அக்ரிலிக் அளவுகோல், வெட்டு விரிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் நான்கு மடிப்பைக்கூட ஒரே ஓட்டத்தில் வெட்டலாம். கோடு போடும் வேலையே இல்லை, அளவுகோலின் கோடு துணியோரத்தில் உட்கார்ந்தால் போதும். ஆனால் இதற்கென்றே ஒரு குற்றம் உண்டு. மடிப்புக்கு அளவுகோல் செங்குத்தாக நிற்காவிட்டால், பட்டையை விரித்ததும் மடிப்பிருந்த இடத்தில் முழங்கை மடங்கியதுபோல் ஒரு வளைவு தெரியும். முதல் முறை நான் வெட்டிய பத்துப் பட்டைகளும் அப்படித்தான் வந்தன. நான்கைந்து பட்டைக்கு ஒருமுறை ஓரத்தை மீண்டும் செங்குத்தாக்குவதும், அளவுகோல் நழுவாதபடி சுண்டுவிரலை அதன் வெளியோரத்தில் ஊன்றிக்கொள்வதும் இதற்கு மருந்து. மழுங்கிய கத்தி ஆங்காங்கே நூலை விட்டுவிடும்; மொட்டைக் கத்தியால் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு அந்தச் சலிப்பைச் சொல்லத் தேவையில்லை. விரிப்பை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வளைந்துவிடும், பிறகு எந்த அளவும் அதில் நேராக வராது.

எந்த முறையாயினும் நூலின் திசை முக்கியம். கரையோடு ஓடும் பாவு நூல் அதிகம் இழுபடாது, குறுக்கே ஓடும் ஊடை நூல் சற்று நெகிழும். ஆனாலும் 44 அங்குல அகலத் துணியில் ஊடைவாக்கில் வெட்டுவது கணக்குக்கு வசதி. லாக் கேபினில் நடுச்சதுரத்தின் இரு பக்கம் வெளிர் நிறப் பட்டைகளும் மற்ற இரு பக்கம் அடர் நிறப் பட்டைகளும் வரும்; நான் சொன்ன சதுரத்தில் வெளிர் பட்டைகளுக்கு மொத்தம் 30 அங்குலமும் அடர் பட்டைகளுக்கு 36 அங்குலமும் தேவை, ஆகவே சதுரத்துக்கு நிறத்துக்கொரு பட்டை என்று அமைந்துவிடுகிறது. இருபது சதுரத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் 30 அங்குலத் துணி, வெட்டில் வீணாவதற்குக் கொஞ்சம் கூடுதலாக. நெகிழ்ச்சிக்குச் சோற்றுக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் போதும்.

2½ அங்குலத்தில் வெட்டியே விற்கும் துணிச்சுருள்களை இங்கே சேர்க்கவில்லை. பல்வரிசைபோல் வெட்டிய அவற்றின் ஓரத்தில் எந்த முனையிலிருந்து அளப்பது என்பதே தனி வழக்கு.

புதுப் பருத்தித் துணிக்கு நான் இப்போது செய்வது கலப்பு முறை: ஒரு முனையைக் கிழித்து நேரைக் கண்டுபிடித்து, அந்த நேருக்கு இணங்க மடித்து, மீதியைக் கட்டரால் வெட்டுகிறேன். கைலியைக் கிழிக்கிறேன். எதில் வெட்டினாலும், போர்வையைத் தொடங்குமுன் 1½ அங்குலப் பட்டைகள் மூன்றை அளந்து பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை மீண்டும் அளக்கிறேன். சரியாக 1 அங்குலம் இருந்தால் தொடர்கிறேன். வெட்டும்போது சரியாக இருந்த பட்டை தைத்தபின் குறைந்தாலோ கூடினாலோ, கட்டரைத் திட்டாமல் தையல் மெஷினின் கால் அங்குலத்தைத் திருத்துகிறேன்.