127 பெரிதா, 72 பெரிதா? சேப்பாக்கத்து அதிரடிகள் ஓர் ஒப்பீடு

ஐபிஎல் தொடங்கிவிட்டால் போதும், திருவல்லிக்கேணி மேன்சன்களிலும் வாலாஜா சாலை டீக்கடைகளிலும் இந்த வாக்குவாதம் சூடுபிடித்துவிடும். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் விளாசித் தள்ளுவதை உண்மையிலேயே அபூர்வம் என்று சொல்லலாமா? பந்து துள்ளாத ஆடுகளம், உள்ளே இழுத்துப் போட்ட எல்லைக்கயிறு, கனத்த மட்டை. இதில் சதம் அடிப்பதில் என்ன இருக்கிறது என்று ஒரு கட்சி. 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தின் எதிரே ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று எதிர்க்கட்சி.

இரண்டு தரப்பும் சிக்ஸர்களை எண்ணிக்கொண்டே வாதாடுகின்றன. அங்கேதான் கோளாறு என்பேன். அதே மாலையில் அதே ஆடுகளத்தில் மற்றவர்களால் என்ன முடிந்தது, அன்று ஒரு விக்கெட்டின் விலை என்ன என்று கேட்க வேண்டும். சேப்பாக்கம் கண்ட சில ஆட்டங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், நாம் பழகிப்போன வரிசை தலைகீழாகிவிடுகிறது.

2010 ஏப்ரல் 3. ஐபிஎல்லில் ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்துகளில் 127. அதில் 11 சிக்ஸர். சென்னைப் பையன், சொந்த மைதானம், அலட்டல் இல்லாத ஆட்டம். அதைப் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை 246 எடுத்தது. ஆனால் பதிலுக்கு ராஜஸ்தான் என்ன செய்தது? 223. நமன் ஓஜா 55 பந்துகளில் 94 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 40 ஓவர்களில் 469 ரன். மழை எல்லோர் வீட்டுக் கூரையிலும் பெய்த நாள் அது. அந்த ஆட்டத்தில் உண்மையில் ஒருவரும் செய்யாததைச் செய்தவர் சென்னையின் வேகப்பந்து வீச்சாளர் டக் போலிஞ்சர். அத்தனை பேரும் அடி வாங்கிய அந்த இரவில் 4 ஓவர்களில் 15 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். சென்னை வென்றது 23 ரன்களில். போலிஞ்சரின் அந்த 4 ஓவர்களில் மற்றவர்களைப் போல ரன் போயிருந்தால் விஜய்யின் 127 தோற்ற ஆட்டத்துச் சதமாகியிருக்கும்.

இதன் எதிரே 2025 ஜனவரி 25-ஐ வையுங்கள். இங்கிலாந்துடன் இரண்டாவது டி20. இலக்கு 166, பெரியதே அல்ல. திலக் வர்மா 55 பந்துகளில் 72 எடுத்து ஆட்டமிழக்காமல் முடித்தார். வேகக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த ஆட்டம் தோற்றுவிடும். ஏனென்றால் அன்று இந்தியாவின் மீதி 94 ரன்கள், உதிரிகளையும் சேர்த்து, 61 பந்துகளில் வந்தவை. அதாவது மற்றவர்கள் திலக்கைவிட வேகமாக ரன் சேர்த்தார்கள்! ஆனால் அந்த 94 ரன்களுக்கு அவர்கள் கொடுத்த விலை 8 விக்கெட். 78 ரன்னில் 5 பேர் போய்விட்டார்கள். திலக்கை அடுத்து அதிகம் எடுத்தவர் நம் வாஷிங்டன் சுந்தர், 26. அன்று சேப்பாக்கத்தில் அடிப்பது கடினமாக இல்லை. அடித்துவிட்டு அடுத்த பந்துக்கும் உயிரோடு நிற்பதுதான் கடினமாக இருந்தது.

அதைவிட என்னைக் கட்டிப்போட்டது அவர் யாரை அடித்தார், யாரை விட்டார் என்பது. எதிரணியின் அதிவேகப் பந்துவீச்சாளர்களில் ஒருவரான ஜோஃப்ரா ஆர்ச்சரைக் குறிவைத்தார். ஆர்ச்சர் 4 ஓவர்களில் 60 ரன் கொடுத்தார். ஆதில் ரஷீத்தின் சுழலிலோ எந்த வம்பும் வேண்டாம் என்று அடக்கி வாசித்தார். சேப்பாக்கத்தில் பந்து நின்று வரும். வேகத்தை நம்பி மட்டையைச் சுழற்றுபவன் முன்கூட்டியே ஆடிவிட்டு மிட் ஆஃபில் பிடி கொடுப்பான். வேகமாக வருவதை அடி, மெதுவாக வருவதை மதி என்று அன்று அவர் போட்ட கணக்கு, இந்த மண்ணில் வளர்ந்தவர்கள் போடும் கணக்கு. 146-க்கு 8 என்ற நிலையில் மறுமுனையில் இருந்தவர் பந்துவீச்சாளரான ரவி பிஷ்னோய். கடைசி ஓவரின் இரண்டாவது பந்தில் ஆட்டம் முடிந்தது. ஐந்து சிக்ஸர்தான். விஜய்யின் பதினொன்றைவிட இந்த ஐந்தும் எனக்குக் கனமாகத் தெரிகின்றன.

இடைப்பட்ட ஒன்று ஸ்டாய்னிஸுடையது. 2024 ஏப்ரல் 23 அன்று, ருதுராஜ் 60 பந்துகளில் 108 எடுத்தும், துபே 27 பந்துகளில் 66 விளாசியும் சென்னை 210 எடுத்தது. லக்னோவுக்காக ஸ்டாய்னிஸ் 63 பந்துகளில் 124, ஆட்டமிழக்கவில்லை. ஐபிஎல் துரத்தலில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. ஒரே நாளில் இரண்டு சதங்கள், வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் ஸ்டாய்னிஸுக்கே என் வாக்கு. இலக்கு தலைக்கு மேல் தொங்க, முதல் ஓவரிலேயே டி காக் போக, மஞ்சள் சட்டைக் கூட்டம் முழுக்க எதிராகக் கத்த, கடைசி ஓவரில் 17 ரன் வேண்டும் என்ற இடத்திலிருந்து மூன்று பந்து மிச்சம் வைத்து முடித்தார். பனி இறங்கிப் பந்து நனைந்ததால் பந்துவீச்சாளர்கள் பிடி கிடைக்காமல் தவித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். அதனால்தான் திலக்குக்கு ஒரு படி கீழே வைக்கிறேன்.

உள்ளூர்ப் பெருமை பேசுகிறவர்கள் ஜெகதீசனின் 277-ஐ எடுத்து வைப்பார்கள். அது 50 ஓவர் ஆட்டம். 2022 நவம்பரில் உள்நாட்டு ஒருநாள் தொடரான விஜய் ஹசாரே கோப்பையில், 141 பந்துகளில். சர்வதேச ஆட்டங்களும் உள்நாட்டு ஆட்டங்களும் சேர்ந்த ‘லிஸ்ட் ஏ’ ஒருநாள் ஆட்டங்களில் அதுதான் உலக சாதனை. தமிழ்நாடு 506, எதிரணியான அருணாச்சலப் பிரதேசம் 71. எதிரே இருந்த பந்துவீச்சின் தரம் அந்த 71-லேயே எழுதியிருக்கிறது. கோவைக்காரரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம்: அது அவருக்குத் தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். அந்த ஐந்தும்தான் என் கண்ணுக்கு மலைப்பு.

ரன் மலிந்துவிட்டது என்பவர்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. 2023-இல், ஆட்டத்தின் நடுவே ஒரு வீரருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாம் என்ற இம்பாக்ட் பிளேயர் விதி ஐபிஎல்லுக்கு வந்தபின் அணிக்குக் கூடுதலாக ஒரு மட்டையாளர் கிடைத்துவிட்டார். விக்கெட் போனால் போகட்டும் என்று முதல் பந்திலிருந்தே விளாசலாம். அதாவது விக்கெட்டின் விலை இறங்கிவிட்டது. 2024-இல் ஹைதராபாத் 277 எடுத்தது, மூன்று வாரத்துக்குள் 287-ம் எடுத்தது. அதே அணி மே 26 அன்று இறுதிப் போட்டிக்குச் சேப்பாக்கம் வந்து 113-இல் சுருண்டது. அதிகம் எடுத்தவர் பந்துவீச்சாளரான கேப்டன் கம்மின்ஸ், 24 ரன். ஆடுகளம் மாறியதும் விலையும் மாறிவிட்டது.

என் அளவுகோலுக்கே சவால் விடும் ஆட்டம் ஒன்று உண்டு. நடந்தது மும்பையில், ஆனால் சென்னைக்காரர்கள் யாரும் அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். 2014 இரண்டாவது தகுதிச் சுற்று, பஞ்சாப் 226. சுரேஷ் ரெய்னா 25 பந்துகளில் 87. எல்லைக்கோட்டருகே ஃபீல்டர்கள் குறைவாக நிற்கும் முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில் சென்னை எடுத்த 100 ரன்களில் 87 அவருடையது. அடுத்த பந்தில் பஞ்சாப் கேப்டன் பெய்லியின் நேரடி எறியில் ரன் அவுட். மீதி 14 ஓவர்களில், தோனி இருந்தும், 102 ரன்தான் வந்தது. 24 ரன்னில் தோல்வி. மற்றவர்களால் முடியாததைச் செய்தவர் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் ரெய்னாவை நெருங்க ஆளில்லை. தோற்ற ஆட்டம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தோல்வி அந்த 25 பந்துகளில் நேரவில்லை. திலக்கையும் ரெய்னாவையும் ஒரே படியில் நிறுத்துகிறேன்.

முரளி விஜய்க்கு அநியாயம் செய்வதாக யாரும் எண்ண வேண்டாம். அவருடைய சிறந்த ஆட்டம் வேறு. 2011 மே 28, ஐபிஎல் இறுதிப் போட்டி, இதே சேப்பாக்கம். 52 பந்துகளில் 95. ஹஸ்ஸியுடன் முதல் விக்கெட்டுக்கு 159. சதத்துக்கு ஐந்து ரன் குறைவு என்பதாலோ என்னவோ, 127-ஐப் பேசும் வாய்கள் இதைப் பேசுவதில்லை. சென்னை 205. அந்தப் பருவத்தில் எல்லோரையும் பந்தாடிய கெய்லை முதல் ஓவரிலேயே அஸ்வின் பூஜ்யத்துக்கு அனுப்ப, பெங்களூரு 147-ஐத் தாண்டவில்லை. கோப்பை மேசையில் இருக்க, எதிரணி முழுவதும் சேர்ந்து 147 எடுத்த ஆடுகளத்தில் ஒருவர் 95 எடுத்திருக்கிறார். 32 ரன் குறைவாக இருந்தாலும் 127-க்கு மேலே இந்த 95-ஐ வைப்பேன், ஸ்டாய்னிஸின் 124-க்கும் மேலே.