இண்டியானாபொலிஸ் கம்பைன்: ஒரு டிஃபென்சிவ் லைன்மேனை எடைபோட இது எவ்வளவு உதவும்?

ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் நடக்கும் ஸ்கவுட்டிங் கம்பைனை நான் விடாமல் பார்க்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி முடித்து என்எஃப்எல் (தொழில்முறை லீக்) டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு வரும் முந்நூறுக்கும் மேற்பட்ட பையன்களை ஒரே இடத்துக்கு வரவழைத்து, 32 அணிகளின் முன்னால் ஓடவைத்து, குதிக்கவைத்து, அளந்து, டாக்டர்களிடம் காட்டி அனுப்பும் ஏற்பாடு இது. 1987-லிருந்து அதே ஊரில்தான். அணிகளுக்கு இது ஒரு சேவை, நம்மைப் போன்ற ரசிகர்களுக்கும் இப்போது சேவைதான், ஏனென்றால் எல்லாமே டிவியில் வருகிறது. எல்லா இடத்து ஆட்டக்காரர்களையும் பற்றி எழுதப் போவதில்லை. எனக்குப் பிடித்தது டிஃபென்சிவ் லைன், அதாவது பந்து நகர்ந்த நொடியில் எதிரணியின் சுவரை முட்டி உடைக்க வேண்டிய அந்தப் பெரிய ஆட்கள். அவர்களில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று கண்டுபிடிக்க கம்பைன் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரிபார்க்க நல்ல இடம், முடிவெடுக்க மோசமான இடம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அந்த மூன்றிலும் பெரிய பங்கு டிவியில் காட்டாத பகுதிக்குத்தான் போகிறது.

அது மருத்துவப் பரிசோதனை. ஆரம்பத்தில் இந்த ஏற்பாடு பிறந்ததே அதற்காகத்தான், ஒவ்வொரு அணியும் தனித்தனியாகப் பையனை அலைக்கழிக்காமல் ஒரே இடத்தில் எல்லா டாக்டர்களும் பார்த்துவிடலாம் என்று. 2013-ல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டார் லோட்டுலெலை இங்கே வந்தபோது இதயத்தில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தது. கம்பைனில் பயிற்சி எதுவும் செய்யாமல் திரும்பினார், பிறகு நடந்த பரிசோதனைகளில் ஒன்றுமில்லை என்று தெரிந்து கரோலினா அணி அவரை 14-ஆவது இடத்தில் எடுத்தது. 2018-ல் மிச்சிகனின் மோரிஸ் ஹர்ஸ்ட்டுக்கும் இதயம் சம்பந்தமாகவே சந்தேகம். முதல் சுற்றில் போக வேண்டியவர் என்று பலர் எழுதிக்கொண்டிருந்த பையன் ஐந்தாம் சுற்று வரை காத்திருந்தார். அவருக்கு அது எவ்வளவு கொடுமையான காத்திருப்பாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது, ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையனின் இதயத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து கவனமாகப் பார்க்கத்தான் வேண்டும், அந்த ஒன்றுக்காகவே கம்பைன் நடக்கலாம்.

அப்புறம் பெஞ்ச் பிரஸ். 225 பவுண்டு, நம் கணக்கில் 102 கிலோ, அதை எத்தனை முறை தூக்குகிறார்கள் என்று எண்ணுவார்கள். டிஃபென்சிவ் லைன்மேனுக்கு இது ரொம்ப முக்கியம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1999-ல் ஜஸ்டின் எர்னஸ்ட் என்ற டிஃபென்சிவ் டேக்கிள் (லைனின் உட்பக்கம் ஆடுபவர்) 51 முறை தூக்கினார், அவரை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. மல்லாந்து படுத்து, முதுகைப் பலகையில் ஊன்றி மேலே தள்ளும் பலம் வேறு. காலை ஊன்றி, இடுப்பிலிருந்து எழும்பி, எதிரில் நிற்கும் 310 பவுண்டு ஆளின் மார்பில் உள்ளங்கையைப் பதிக்கும் பலம் வேறு. இன்னொன்று, கை நீளமாக இருப்பவர் பாரத்தை அதிக தூரம் தள்ள வேண்டும், அதனால் அவருடைய எண்ணிக்கை குறையும். ஆனால் களத்தில் அதே நீளமான கைதான் எதிராளியைத் தள்ளி வைத்துக் காப்பாற்றுகிறது. ஆக, இந்த எண்ணிக்கை உயர்ந்திருந்தால் ‘பையன் ஜிம்முக்கு ஒழுங்காகப் போயிருக்கிறான்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

40 யார்டு ஓட்டம்தான் எல்லோரும் பேசுவது. உட்பக்கம் விளையாடும் லைன்மேன் ஒரு சீசன் முழுக்க எத்தனை முறை நேர்கோட்டில் 40 யார்டு ஓடப் போகிறார்? பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக் அதைக் கையில் வாங்கி எறிவதற்குள் மூன்று வினாடி கிடைத்தால் பெரிய விஷயம். அதனால் நான் பார்ப்பது முதல் 10 யார்டு. அதில் கால் எப்படி விழுகிறது, முதல் இரண்டு அடியில் உடம்பு நிமிர்ந்துவிடுகிறதா அல்லது தாழ்வாகவே போகிறதா என்பதில் நிறைய இருக்கிறது. அந்த 10 யார்டு நேரத்தை ஒளிபரப்பில் பெரும்பாலும் ஓரமாகப் போட்டுவிட்டு 40-ஐப் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள், எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஆனாலும் 2022-ல் ஜார்ஜியாவின் ஜோர்டன் டேவிஸ் ஓடியதைப் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், உண்மை. ஆறரை அடி உயரம், 341 பவுண்டு, 155 கிலோவுக்குப் பக்கம், அந்த உடம்பு 4.78 வினாடியில் வந்து சேர்ந்தது. மனித உடம்பு இப்படியெல்லாம் நகருமா என்று இருந்தது. பிலடெல்ஃபியா 13-ஆவது இடத்தில் எடுத்தது. ஆனால் ஜார்ஜியா ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தால் அவர் செய்த வேலை என்ன? எதிரணிச் சுவரின் நடுவில் நிற்கும் சென்டருக்கு முன்னால் நின்று இரண்டு ஆட்களைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, பின்னால் நிற்கும் தன் அணியின் லைன்பேக்கர்களுக்கு வழி திறந்து விடுவது. எதிரணி பந்தை எறியும் கட்டங்களில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். தொழில்முறை ஆட்டத்திலும் முதல் மூன்று வழக்கமான சீசன்களைச் சேர்த்தால் நான்கு சாக் (குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை மடக்கி வீழ்த்துவது) தேறவில்லை. அதனால் அவர் தோல்வி என்று அர்த்தமில்லை, 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்த அணியில் அவர் இருந்தார், பந்தோடு ஓடிவரும் எதிராளியின் ஓட்டத்தை அடைக்கும் வேலையைச் சரியாகச் செய்தார். ஆனால் 4.78-ஐ மட்டும் பார்த்து ‘இவர் குவார்ட்டர்பேக்கைத் துரத்தித் துரத்திப் பிடிப்பார்’ என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், அவர்களுக்கான பதில் ஏற்கெனவே கல்லூரி வீடியோவில் இருந்தது.

கம்பைனை மட்டும் நம்பி ஏமாறுவது பழைய கதை. 1995-ல் பாஸ்டன் கல்லூரியின் மைக் மாமுலா இங்கே எல்லாப் பரீட்சையிலும் பிரமாதமாகச் செய்தார், பிலடெல்ஃபியா 12-ஆவது இடத்தையும் அதோடு சேர்த்து வேறு தேர்வுகளையும் கொடுத்து 7-க்கு ஏறி வந்து அவரை எடுத்தது. அந்த 12-ஆவது இடத்தை வாங்கிய டாம்பா பே யாரை எடுத்தது தெரியுமா, வாரன் சாப்பை, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவரை. மாமுலா மோசமான ஆட்டக்காரர் இல்லை, 31.5 சாக் எடுத்தவரை அப்படிச் சொல்ல மாட்டேன், கொடுத்த விலைக்கு ஈடாகவில்லை, அவ்வளவுதான். 2008-ல் ஒஹையோ ஸ்டேட்டின் வெர்னன் கோல்ஸ்டன் 37 முறை பெஞ்ச் பிரஸ் செய்தார், நியூயார்க் ஜெட்ஸ் அணி 6-ஆவது இடத்தில் எடுத்தது, மூன்று சீசனில் ஒரு சாக்கூட இல்லை. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: கல்லூரியில் கையைத் தரையில் ஊன்றி எண்டாக, அதாவது லைனின் ஓரத்து ஆளாக விளையாடியவரை ஜெட்ஸ் நிற்கவைத்து வெளி லைன்பேக்கராக மாற்றியது. எந்த ஏற்பாட்டில் விளையாடப் போகிறார் என்பதைச் சொல்லாமல் ஒரு லைன்மேனுக்கு மதிப்பெண் போடவே கூடாது என்பது என் கட்சி.

சரி, மறுபக்கம். டெரல் சக்ஸ் 2002-ல் அரிசோனா ஸ்டேட்டுக்காக ஒரே சீசனில் 24 சாக் எடுத்தார், அது கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டத்தில் அதிகாரபூர்வ சாதனை. டிராஃப்டுக்கு முன் 40 யார்டு மெதுவாக ஓடினார், உடனே சந்தேகம், 10-ஆவது இடம் வரை நழுவினார். தொழில்முறையில் 139 சாக்.

எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமான பாடம் ஆரன் டொனால்ட். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், 2013 சீசனில் 28.5 முறை எதிரணியை ஆரம்பக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கியவர், 11 சாக், கிட்டத்தட்ட எல்லாத் தற்காப்பு விருதும் அவருக்கே. அவர் விஷயத்தில் கம்பைன் தன் வேலையைச் சரியாகவே செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 285 பவுண்டில் 4.68 வினாடி, 35 பெஞ்ச் பிரஸ். வீடியோ சொன்னதை ஓட்டமும் சொன்னது. தடங்கல் அளவு நாடாவில்தான். உயரம் ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட முழுசாக இல்லை, கை 33 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ‘உள்ளே நின்று தாங்க மாட்டார், சின்ன உடம்பு’ என்றார்கள். 12 பேர் அவருக்கு முன்னால் போனார்கள். கடைசியில் அவரை எடுத்த ராம்ஸ் அணியே 2-ஆவது இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டு 13-க்குத்தான் இவரிடம் வந்தது. மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், 2018-ல் மட்டும் 20.5 சாக். 2022 பிப்ரவரி சூப்பர் பௌலின் கடைசி நிமிடத்தில், நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவை என்ற நிலையில், எதிரணிக் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவைச் சட்டையோடு பிடித்துச் சுழற்றினார், பந்து யாருமில்லாத இடத்தில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது.

அவருடைய கல்லூரி வீடியோவில் அப்படி என்ன இருந்தது? ஒரே ஒரு ஸ்னாப்பை, அதாவது பந்து நகர்ந்து தொடங்கும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள். பந்து அசைந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் குந்தியிருக்கிறார்கள், இவருடைய முதல் அடி ஏற்கெனவே தரையில். சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் எதிரணிக் கார்டு இரண்டு கையையும் நீட்டுகிறார். அந்தக் கை தன் மார்பைத் தொடுவதற்கு முந்தின கணத்தில் இவர் இடது கையால் மணிக்கட்டைத் தட்டிக் கீழே இறக்குகிறார், வலது தோள் அக்குளுக்கு அடியில் நுழைகிறது, இடுப்பு ஒருக்களித்துத் திரும்புகிறது, இப்போது கார்டின் முன்னால் மோத எதுவுமே இல்லை, வெறும் காற்று. உயரம் குறைவு என்ற குறையே அங்கே ஆயுதம், எப்போதும் எதிராளியின் தோளுக்குக் கீழேதான் இருக்கிறார். இதைக் கம்பைனில் அளக்க முடியாது. அங்கே தரையில் போட்ட பைகளைத் தாண்டி ஓடுகிறார்கள், நிறுத்தி வைத்த பொம்மையைக் குத்துகிறார்கள், பொம்மை திருப்பிப் பிடிப்பதில்லை. கம்பைனுக்கு முன்பே அலபாமாவின் மொபைல் நகரத்தில் சீனியர் பௌல் பயிற்சிகள் நடக்கின்றன, ஒருவருக்கு ஒருவர் மோதல், எதிரில் உயிருள்ள ஆள். டொனால்ட் 2014-ல் அங்கே எதிர்த்து நின்றவர்களை வரிசையாகத் திணறடித்தார். ஒரு லைன்மேனைப் பற்றி எனக்கு அந்த மூன்று நாள் தரும் செய்தி இண்டியானாபொலிஸ் தருவதைவிட அதிகம்.

வீடியோ பார்ப்பதிலும் ஏமாற இடமிருக்கிறது. சாக் வந்த காட்சிகளை மட்டும் கோத்த தொகுப்பைப் பார்த்து யாரையும் எடைபோட வேண்டாம். இப்போது கல்லூரி அணிகள் பந்தை மின்னலாக எறிந்துவிடுகின்றன, நல்ல லைன்மேன் ஜெயித்தும் சாக் கிடைக்காது. மாறாக, வழிதவறி ஓடிவந்த குவார்ட்டர்பேக் மடியில் விழுந்தும் சாக் கிடைக்கும். நான் பார்ப்பது இரண்டு பேர் சேர்ந்து இடிக்கும் ஸ்னாப்கள். கார்டு நேரே வருகிறார், பக்கவாட்டிலிருந்து சென்டரின் இடுப்பு வந்து மோதுகிறது, அப்போது பையன் ஒரு முழங்காலை இறக்கி இடத்தைக் காக்கிறானா, இல்லை மூன்று யார்டு பின்னால் லைன்பேக்கரின் மடியில் போய் விழுகிறானா? அதையே நான்காவது கால் ஆட்டத்தில், மூச்சு வாங்கும்போது மறுபடி பாருங்கள்.

இதே பிட்ஸ்பர்க்கிலிருந்து 2023-ல் கலைஜா கேன்சி வந்தார். 281 பவுண்டு, 4.67 வினாடி, டொனால்டைவிட வினாடியில் நூறில் ஒரு பங்கு குறைவான நேரம். உடனே எல்லோரும் ‘அடுத்த டொனால்ட்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள், பாவம் அந்தப் பையன். கை 31 அங்குலத்தைக்கூடத் தொடவில்லை என்பதை இங்கே தள்ளிவிட முடியாது, இரண்டு அங்குலம் என்பது உள்ளே நிற்பவருக்கு ரொம்பப் பெரிய தூரம். டாம்பா பே 19-ஆவது இடத்தில் எடுத்தது, 2024-ல் 7.5 சாக் எடுத்தார். அந்த இடத்துக்கு நல்ல விளைச்சல்தான், டொனால்டோடு ஒப்பிடாமல் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

எட்ஜில், அதாவது லைனின் ஓரத்தில் ஆடுபவர்களுக்குக் கம்பைன் கொஞ்சம் கூடுதலாக உதவும் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வட்டத்தைச் சுற்றி உடம்பைச் சாய்த்து ஓடும் பயிற்சியில் கணுக்கால் எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துவிடும், எதிரணிச் சுவரின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளைச் சுற்றி வளைந்து போவதற்கு அதுதான் வேண்டும். உட்பக்க ஆட்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

அடுத்த முறை பார்க்கிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். கம்பைனுக்கு முன்பே ஒரு பையனின் மூன்று முழு ஆட்டங்களைப் பார்த்து, ‘முதல் அடி வேகம்’ அல்லது ‘இடுப்பு இறுக்கம்’ என்று உங்கள் தீர்ப்பை எழுதி வைத்துவிடுங்கள். பிறகு இண்டியானாபொலிஸ் எண்கள் வரும்போது, எது உங்கள் குறிப்போடு முரண்படுகிறதோ அதற்காக மட்டும் மறுபடி வீடியோவுக்குப் போங்கள். நடத்துபவர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு: 10 யார்டு நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அந்தப் பொம்மையை எடுத்துவிட்டு எதிரில் ஒரு கார்டை நிறுத்துங்கள்.