சாஸ்: ஸ்காட்லாந்தின் 'இலவச'ப் பட்டப்படிப்புச் சேவை எப்படி?

ஸ்காட்லாந்து பிள்ளைகளுக்கு முதல் பட்டத்துக்குக் கட்டணமே இல்லை என்பார்கள். உண்டு: ஆண்டுக்கு 1,820 பவுண்டு. அதை ஸ்டூடன்ட் அவார்ட்ஸ் ஏஜென்சி ஸ்காட்லாந்து, சுருக்கமாக சாஸ், நேரே பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிறது. ஆனால் விண்ணப்பித்தால்தான் கட்டும். இடம் கிடைத்ததும் பணமும் தானாகப் போய்விடும் என்று சும்மா இருந்தால் பில் மாணவர் பெயருக்கே வரும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் 30-க்குள் முடித்துவிடுவது நல்லது. படிப்புக் காலத்துக்கு மேல் ஓராண்டு வரை தாங்குவார்கள்; பாடம் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

இலையுதிர்காலத்தில் சேருபவர் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ஸ்காட்லாந்தில் வசிக்க வேண்டும், அதற்கு முந்தைய 3 ஆண்டும் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். விசா நிபந்தனைகள் தனி. படிக்கவென்றே ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குக் குடிவந்த லண்டன்காரருக்கு இது கிடையாது. அதே வகுப்பில் உட்கார அவர் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டுகிறார்.

இந்த வேறுபாட்டின் வேர் அரசியலில் இருக்கிறது. 1998-இல் லண்டனிலுள்ள பிரிட்டன் அரசு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் கொண்டுவந்தது. மறு ஆண்டே எடின்பரோவில் தனிப் பாராளுமன்றம் அமைந்தது. அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டு, பட்டம் பெற்றபின் ஒரு தொகை வாங்கும் முறையை வைத்தார்கள். ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்று கேட்கும், 2007-இல் ஆட்சிக்கு வந்த ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அதையும் 2008-இல் ஒழித்தது. 'நாங்கள் வேறு' என்று காட்ட இதைவிடத் தெளிவான கொள்கை அவர்களுக்கு வாய்க்கவில்லை. 2014-இல் அக்கட்சியின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் பதவி விலகிய வாரத்தில், ஸ்காட்லாந்து மாணவர்மேல் கட்டணம் விழுமுன் பாறைகளே வெயிலில் உருகும் என்ற தன் வாக்கைப் பொறித்த கல்லை ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் திறந்தார். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால் பிரெஞ்சு மாணவருக்கும் இலவசம், பிரிட்டனின் பிற பகுதி மாணவருக்குக் கட்டணம் என்ற நிலை 2020 சேர்க்கை வரை ஓடியது.

குறை? இலவசம் என்றால் கடனில்லை என்று பொருளல்ல. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பெரும்பாலோர் கடன்தான் வாங்குகிறார்கள். வேலைக்குப் போனபின் வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 9% பிடிப்பார்கள். இன்னொன்று, அரசு பணம் தருவதால் ஸ்காட்லாந்து மாணவர் இடங்களுக்கு உச்சவரம்பு உண்டு. மீந்த இடங்களை நிரப்பும் கிளியரிங் சுற்றில் ஒரே படிப்பு இங்கிலாந்து மாணவருக்குத் திறந்தும் உள்ளூர்க்காரருக்கு மூடியும் இருக்கும். காலியிடப் பட்டியலை மட்டும் நம்பாமல், எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள்.