மனச்சோர்வு மாத்திரையா, அழற்சி மருந்தா?

நடவுக் காலத்தில் இடுப்பு வலிக்கு, வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் அழற்சி மருந்தான டைக்ளோபினாக்கை உதிரியாக வாங்கி விழுங்குவது திருவாரூர்ப் பக்கம் புதிதல்ல. “மனச்சோர்வும் அழற்சிதானாமே, இதையே போட்டால் என்ன?” என்ற கேள்வி எழுகிறது.

அசட்டுக் கேள்வி அல்ல. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா, அமைதியாக இருக்கையில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) எடுக்கின்றன. அழற்சி மூண்டால், ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் கிளைக்கோலிசிஸுக்குத் தாவுகின்றன. வேகம் அதிகம், நிகர வரவு 2 ஏடிபிதான். தலைமடையில் தண்ணீரைத் திருப்பினால் கடைமடை காய்வதுபோல, மனநிலையோடு தொடர்புடைய செரோடோனினை உருவாக்கப் போக வேண்டிய டிரிப்டோபன் என்ற அமினோ அமிலமும் கைனுரெனின் என்ற வேறு பொருளாக மாறும் பக்கம் போய்விடுகிறது.

மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின், இருக்கும் செரோடோனினை நரம்பு இணைப்பில் தங்கவைக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆனால் நன்கு சோதிக்கப்பட்டது. அழற்சி மருந்தின் கதை வேறு. மருந்துக்கு மசியாத மனச்சோர்வுள்ள 60 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அழற்சி மருந்து மொத்தத்தில் போலி மருந்தை மிஞ்சவில்லை. ரத்தத்தில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம் மட்டும் பலன் தென்பட்டது. அந்த மருந்தும் டைக்ளோபினாக் அல்ல!

என் ஓட்டு செர்ட்ராலினுக்கே, அதுவும் மருத்துவர் எழுதித் தந்தால். செர்ட்ராலினையும் டைக்ளோபினாக்கையும் தாமாகச் சேர்த்து விழுங்குவதுதான் மோசம்: இரைப்பையில் ரத்தக் கசிவு அபாயம் கூடும்.