நாட்டுக்கு நாடு மாறும் விலை: மூன்று மலிவு இயர்போன்களில் எதை எடுப்பது?

மூன்டிராப் சூ 2, 7 ஹெர்ட்ஸ் ஜீரோ 2, ஃபைனல் ஈ3000. குறைந்த செலவில் நல்ல கேபிள் இயர்போன் என்று பேச்செடுத்தால் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இவை. மூன்றிலுமே காதுக்கு ஒரு டைனமிக் டிரைவர்தான் (சவ்வை அதிரவைத்து ஒலி எழுப்பும் பாகம்). ஆனால் ஒரு நாட்டில் விலை நெருங்கி நிற்கும் இரண்டு, இன்னொரு நாட்டில் எட்டாத தூரத்தில் நிற்கும். ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் வாங்குகிறவருக்கு அது பாதிதான் உதவும்.

முதல் இரண்டும் சீன நிறுவனங்களுடையவை. ஆன்லைன் கடைகள் அங்கிருந்தே உலகம் முழுக்க அனுப்புவதால் அடிப்படை விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. வரியும் தபால் செலவும்தான் வேறுபடும். ஃபைனல் ஜப்பான் நிறுவனம். சொந்த நாட்டுக்கு வெளியே விற்கும்போது இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் என்று ஒவ்வொருவர் பங்கும் விலையில் ஏறும். ஆகவே சூ 2-க்கும் ஈ3000-க்கும் உள்ள இடைவெளி ஜப்பானில் இருப்பதுபோல வேறு இடத்தில் இருக்காது.

விலைப்பட்டியலை அப்படியே ஒப்பிடுவதும் தவறு. அமெரிக்காவில் எழுதியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. ஜப்பானில் 10%, ஜெர்மனியில் 19%, பிரிட்டனில் 20% வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். சின்னப் பொருளுக்கு வரி இல்லை என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்தியது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். பொருள் 100, தபால் 15. பல நாடுகளில் சுங்கம் இந்த 115 மீது விழும்; 10% என்றால் 11.50, ஆக 126.50. அதன் மேல் 20% மதிப்புக் கூட்டு வரி போட்டால் 151.80. கூரியர் நிறுவனம் வரியைக் கட்டிக்கொடுத்ததற்கு 10 கேட்டால், கைக்கு வரும்போது ஏறத்தாழ 162. இந்தக் கடைசிக் கட்டணம்தான் பலரும் மறந்துபோவது. பொருளின் மதிப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இது குறையாது என்பதால் மலிவுப் பொருளைத்தான் அதிகம் அடிக்கும். பணம் கட்டும் பக்கத்திலேயே வரி வசூலிக்கும் கடையாகப் பார்த்து வாங்கினால் இதிலிருந்து தப்பலாம்.

உள்ளூர் விலை, வரவழைக்கும் மொத்தச் செலவைவிடக் கால் பங்கு கூட இருந்தாலும் உள்ளூரிலேயே வாங்குங்கள். இந்த விலையில் ஒன்று பழுதானால் திருப்பி அனுப்பும் தபால் செலவு பொருளின் விலையையே தொட்டுவிடும். வெளிநாட்டுக் கடையின் உத்தரவாதத்தால் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியக் கடையில் வாங்கினால் சட்டப்படியே 2 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான்.

இனி ஒலி. சூ 2-இல் 10 மி.மீ. டிரைவர். பாஸ் (தாழ்ந்த ஓசை) அளவோடு இருக்கும், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உயர்வு தெளிவாகத் தெரியும். பாடகர் குரல் முன்னால் வந்து நிற்கும். வயலின், தாளக்கருவிகளின் மேல் ஓசை துலக்கமாகக் கேட்கும். மோசமாகப் பதிவான பாடலில் இதே துலக்கம் உறுத்தும். ஜீரோ 2-உம் 10 மி.மீ.தான். ஆனால் அடியில் பாஸ் கூடுதல், மேலே மென்மை. மணிக்கணக்கில் கேட்கிறவருக்கு இதுதான் சுகம். ஈ3000-இல் 6.4 மி.மீ. டிரைவர். மேல் ஓசை அடங்கி, வெதுவெதுப்பான ஒலி. பின்பக்கம் காற்றுத் திறப்பு இருப்பதால் வெளிச்சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. பேருந்து, ரயில் பயணத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

விவர அட்டையில் சூ 2-க்கு 119 டெசிபல், ஈ3000-க்கு 100 டெசிபல் என்று பார்த்துவிட்டு முன்னது பல மடங்கு சத்தமானது என்று நினைத்துவிட வேண்டாம். முதலாவது ஒரு வோல்ட்டுக்கு, இரண்டாவது ஒரு மில்லிவாட்டுக்கு. ஈ3000-இன் மின்தடை 16 ஓம். இந்த மின்தடைக்கு, வோல்ட் கணக்குக்கு மாற்ற 18 கூட்ட வேண்டும்; ஆக 118. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. 32 ஓம் ஜீரோ 2-ஐயும் சாதாரண போனே ஓட்டிவிடும், தனி ஆம்ப் (பெருக்கி) தேவையில்லை.

போனில் 3.5 மி.மீ. துளை இல்லாவிட்டால் டாங்கிள் (போனின் சார்ஜ் துளையில் செருகி இயர்போனை இணைக்கும் சிறு அடாப்டர்) செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சிப் இல்லாத வெறும் அடாப்டர் பல போன்களில் வேலையே செய்யாது. டிஏசி (டிஜிட்டல் சமிக்ஞையை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் சிப்) உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். இதிலும் நாட்டு வேறுபாடு உண்டு. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் அமெரிக்க மாதிரியில் ஏறத்தாழ 1 வோல்ட் தரும், ஐரோப்பிய மாதிரியில் அதில் பாதிதான். வித்தியாசம் 6 டெசிபல்.

கேபிள் விஷயத்தில் மூன்டிராபும் 7 ஹெர்ட்ஸும் முந்துகின்றன. இரண்டிலும் 0.78 மி.மீ. டூ-பின், அறுந்தால் புதுக் கேபிள் மாட்டிக்கொள்ளலாம். ஈ3000-இன் கேபிள் நிரந்தரமானது, அது போனால் இயர்போனே போனது. ஆனால் அதனுடன் வரும் சிலிகான் டிப்கள் (காதுக்குள் போகும் மென்முனைகள்) அருமையானவை, 5 அளவுகளில் கிடைக்கும். பாஸ் மெலிந்து கேட்டால் முதலில் பழிபோட வேண்டியது டிப்பின் மேல்தான். காதுக்குள் இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஓசை வெளியே கசிந்துவிடும். ஓர் அளவு பெரிய டிப் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை.

பெட்டி வந்த அன்றைக்கே, திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். போனில் மோனோ வசதியைப் போட்டு ஒரு குரலைக் கேளுங்கள். குரல் நடு நெற்றியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இயர்போனைக் காது மாற்றிச் செருகுங்கள். சாய்வு அதே பக்கம் நின்றால் காரணம் காது, அல்லது அந்தக் காதில் டிப் சரியாகப் பொருந்தாதது. பக்கம் மாறினால் கோளாறு இயர்போன், அதன் டிப், கேபிள், போன் இவற்றில் ஏதோ ஒன்றில். கழற்றக்கூடிய கேபிளானால் இடது வலது துண்டுகளை மட்டும் மாற்றி மாட்டினால், கோளாறு இயர்போன் பக்கமா, கேபிள் அல்லது போன் பக்கமா என்று பிடிபட்டுவிடும்.

மாதங்கள் கழித்து ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் பெரும்பாலும் முனை வலையில் ஈரமோ காது அழுக்கோ அடைத்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் இன்னும் உள்ளே போகும். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். செருகும்போது கேட்கும் ‘சரக்’ ஓசை காற்றழுத்தத்தில் டிரைவரின் சவ்வு வளைவதால் வருவது. காதை மேலே இழுத்து மெதுவாகச் செருகினால் குறையும்.

மூன்றும் பக்கத்து விலையில் கிடைத்தால் எங்கள் தேர்வு ஜீரோ 2. குரலுக்காகக் கேட்கிறவர், அல்லது கையிருப்பு குறைவு என்கிறவர் சூ 2 எடுக்கலாம். ஈ3000-ஐ அமைதியான அறையில் கேட்பவர் வாங்கலாம், அதுவும் சூ 2-இன் விலையைப் போல ஒன்றரை மடங்குக்குள் கிடைத்தால் மட்டும்.